பாதியில் கைக்கு வந்த தேவாலயம்



ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பர்ல அரியர் வச்சிருக்கிற எல்லாருக்கும் முதல்ல ஒரு ஆறுதல். இந்தக் கட்டுரையின் நாயகனும் காலேஜில் சுமாராகப் படித்தவர்தான். சில பாடங்களில் ஃபெயிலும் ஆனவர்.

ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரத்தில் சியூதாதெல்லா என்று ஒரு பூங்கா இருக்கிறது. 1870-களில் அந்தப் பூங்காவின் செயற்கை நீர்வீழ்ச்சிக்குத் தண்ணீர் கொடுக்க ஒரு பெரிய தொட்டி கட்டினார்கள். தொட்டி தரையில் இல்லை, கட்டடத்தின் தலை மேல். அத்தனை தண்ணீரின் எடையையும் கீழே இருக்கும் செங்கல் தூண்களும் வளைவுகளும் தாங்க வேண்டும். அங்கே பகுதி நேரமாக டிராயிங் போட்டுக்கொண்டிருந்த ஒரு மாணவர் அதற்கான கணக்கைப் போட்டுக் கொடுத்தார். அந்தக் கணக்கைப் பார்த்த பேராசிரியர், வகுப்புப் பக்கமே அதிகம் வராத அந்த மாணவரை அந்தப் பாடத்தில் பாஸ் போட்டுவிட்டார் என்று சொல்வார்கள். தொட்டி இன்றும் நிற்கிறது. அதன் அடியில் இப்போது ஒரு பல்கலைக்கழக நூலகம் நடக்கிறது.

அந்த மாணவர்தான் அந்தோனி கவுடி. சிவில், ஆர்க்கிடெக்சர் நண்பர்களுக்குப் பெயர் தெரிந்திருக்கும். மற்றவர்கள் அவர் கட்டிய சக்ராதா ஃபமிலியா தேவாலயத்தின் படத்தையாவது எங்கேயாவது பார்த்திருப்பீங்க. கடற்கரையில் ஈர மணலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கட்டிய கோபுரம் மாதிரி இருக்குமே, அதுதான்.

ஆனால் அந்தத் தேவாலயம் கவுடி தொடங்கியது இல்லை. அவர் முடித்ததும் இல்லை. இன்னொருவர் சண்டை போட்டுவிட்டுப் போன வேலை அது. பாதியில் கைக்கு வந்தது, பாதியில் கையை விட்டுப் போனது. நடுவில் 43 வருஷம். அந்த 43 வருஷத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கன்னார் வீட்டுப் பிள்ளை

1852 ஜூன் 25 அன்று கேட்டலோனியா பகுதியில் ரெயுஸ் ஊர்ப்பக்கம் பிறந்தார் கவுடி. அப்பா செப்புப் பாத்திரங்களும் கொதிகலன்களும் செய்கிறவர். நம்ம ஊரில் கன்னார் என்போமே, அந்தத் தொழில். தட்டையான செப்புத் தகடு அப்பாவின் சுத்தியல் அடியில் வளைந்து, குழிந்து, பாத்திரமாக மாறுவதைப் பார்த்தே வளர்ந்தார். ஒரு வடிவத்தைத் தாளில் பார்ப்பதற்கு முன்னால் வெளியில், மூன்று பரிமாணத்தில் நினைத்துப் பார்க்கும் பழக்கம் தனக்கு அங்கிருந்துதான் வந்தது என்று பின்னாளில் அவர் நினைத்தார்.

சின்ன வயதிலேயே மூட்டுவாதம். மற்ற பிள்ளைகளோடு ஓடி விளையாட முடியாது. சில நாட்களில் நடக்கவே முடியாமல் கழுதை மேல் உட்கார்ந்து போக வேண்டியிருந்தது. விளையாட முடியாத பையன் செடி, கொடி, நத்தை, பூச்சி என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

பார்சிலோனாவில் ஆர்க்கிடெக்சர் படிக்கப் போனபோது வீட்டில் பெரிய வசதி இல்லை. படித்துக்கொண்டே பல கட்டடக் கலைஞர்களிடம் டிராயிங் போடும் வேலை பார்த்தார். நடுவில் 1876-ல் ஒரே வருஷத்தில் அண்ணனும் அம்மாவும் இறந்துபோனார்கள். அண்ணன் அப்போதுதான் டாக்டருக்குப் படித்து முடித்திருந்தார். 1878-ல் கவுடி பட்டம் வாங்கினார். அடுத்த வருஷம் அக்காவும் போய்விட்டார். அக்கா விட்டுச் சென்ற பெண் குழந்தை ரோசாவையும் வயதான அப்பாவையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது.

தெருவிளக்குகள், ஒரு கையுறைக் கடைக்கான கண்ணாடிப் பெட்டி, மத்தாரோ என்ற ஊரில் நெசவாலைத் தொழிலாளர் கூட்டுறவுக்கு ஒரு கூடம்... பட்டம் வாங்கிய புதிதில் கிடைத்த வேலைகள் இவ்வளவுதான். அந்தச் சமயத்தில்தான் தேவாலயம் வந்தது.

தூணில் தொடங்கிய சண்டை

ஜோசப் மரியா பொக்கபெல்யா பார்சிலோனாவில் புத்தகக் கடையும் பதிப்பகமும் வைத்திருந்தவர். தீவிர பக்தர். புனித சூசையப்பர் பெயரில் பக்தர் சபை ஒன்றை 1866-ல் தொடங்கினார். இயேசு, மரியாள், சூசையப்பர் மூவரும் சேர்ந்த திருக்குடும்பத்துக்கு ஒரு தேவாலயம் கட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. சக்ராதா ஃபமிலியா என்றால் திருக்குடும்பம் என்றுதான் பொருள். அரசாங்கப் பணம் கிடையாது, மறைமாவட்டப் பணமும் கிடையாது. மக்கள் போடும் காணிக்கையில் மட்டுமே கட்ட வேண்டும். 1881-ல் ஊருக்கு வெளியே நிலம் வாங்கினார்கள். 1882 மார்ச் 19, சூசையப்பர் திருநாள் அன்று அடிக்கல் நாட்டினார்கள்.

முதல் கட்டடக் கலைஞர் பிரான்சிஸ்கோ தெ பவுலா தெல் வில்லார். வரைபடத்தை இலவசமாகவே போட்டுக் கொடுத்தார். அந்தக் காலத்து வழக்கப்படி கோதிக் பாணியில் ஒரு சாதாரண தேவாலயம். முதலில் நிலத்துக்குக் கீழே ஒரு தளம், அதாவது நிலவறை ஆலயம். அதன் தூண்கள் எழும்பத் தொடங்கியபோது பிரச்சினை வந்தது.

தூண்கள் முழுக்க முழுக்கச் செதுக்கிய கல்லாகவே இருக்க வேண்டும் என்றார் வில்லார். சபையின் ஆலோசகரான ஜோவான் மார்தோரெல் வேறு சொன்னார்: வெளியே செதுக்கிய கல், உள்ளே சில்லுக்கல்லும் கலவையும் போதும், செலவு குறையும். காணிக்கைப் பணத்தில் நடக்கும் வேலை ஆச்சே, சபை மார்தோரெல் பக்கம் சாய்ந்தது. வில்லார் விலகிவிட்டார்.

சரி, நீங்களே எடுத்து நடத்துங்கள் என்று மார்தோரெலைக் கேட்டார்கள். சண்டையில் ஒரு பக்கமாக இருந்துவிட்டு அந்த வேலையையே வாங்கிக்கொள்வது நியாயமில்லை என்று அவர் மறுத்துவிட்டார். பதிலாகத் தன்னிடம் வேலை பார்த்த ஓர் இளைஞரைக் கைகாட்டினார். நீலக் கண்கள் உள்ளவர்தான் இந்தக் கோயிலைக் கட்டுவார் என்று பொக்கபெல்யா கனவு கண்டதாகவும், கவுடியின் கண்ணைப் பார்த்ததும் சரி என்று சொல்லிவிட்டதாகவும் ஒரு கதை உண்டு. கதை இருக்கட்டும், கல்லும் கலவையும் எவ்வளவு என்ற ஒரு சில்லறைத் தகராறுதான் உண்மைக் காரணம்.

1883 நவம்பரில் பொறுப்பு கைக்கு வந்தது. கவுடிக்கு வயது 31.

மாற்ற முடியாததும் மாற்ற முடிந்ததும்

யோசிச்சுப் பாருங்க. அஸ்திவாரம் போட்டாச்சு. தூண்கள் பாதி எழும்பியாச்சு. தேவாலயம் எந்தத் திசையில் இருக்க வேண்டும், தூண் எங்கே நிற்க வேண்டும் என்பதை வேறொருவர் முடிவு செய்துவிட்டுப் போய்விட்டார். இடித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கப் பணமும் இல்லை, அனுமதியும் இல்லை.

கவுடி தூண்களை அப்படியே விட்டார். அவற்றின் தலைப்பகுதியை மட்டும் மாற்றி, பழைய கிரேக்க பாணி அலங்காரத்துக்குப் பதிலாகச் செடி கொடிகளின் வடிவத்தைக் கொண்டுவந்தார். இருட்டான பாதாள அறையாக இருக்க வேண்டிய தளத்தின் கூரையை உயர்த்தி ஜன்னல் வைத்தார். சுற்றிலும் அகழி வெட்டி வெளிச்சமும் காற்றும் வர வழி செய்தார், ஈரமும் ஏறாது. 1885-ல் அங்கே சூசையப்பர் பீடத்தில் திருப்பலி தொடங்கியது.

கீழ்த்தளத்தில் கை கட்டப்பட்டிருந்தது. மேலே ஆகாயம் காலியாக இருந்தது. 1890-களின் தொடக்கத்தில் ஒரு பெரிய நன்கொடை வந்தபோது அவர் திட்டம் மளமளவென்று வளர்ந்தது. 18 கோபுரங்கள்: 12 அப்போஸ்தலர்களுக்கு, 4 நற்செய்தியாளர்களுக்கு, மரியாளுக்கு ஒன்று, நடுவில் இயேசுவுக்கு ஒன்று. நடுக் கோபுரத்தின் உயரம் 172.5 மீட்டர். பார்சிலோனாவின் மோன்ஜுயிக் குன்றை விடச் சில மீட்டர் குறைவாக வைத்தார். கடவுள் படைத்ததை மனிதன் கட்டியது தாண்டக் கூடாது என்பது அவர் எண்ணம்.

இதற்கு நடுவில் காசா விசென்ஸ், குவெல் மாளிகை, குவெல் பூங்கா, காசா பத்யோ, காசா மிலா என்று அவர் கட்டிய எல்லாம் இன்று உலகப் புகழ். ஆனால் அவை வாடிக்கையாளரின் அவசரத்துக்கு ஓடிய வேலைகள். தேவாலயத்துக்குக் கெடு கிடையாது. பணம் வந்தால் வேலை, வராவிட்டால் யோசனை. அந்த யோசிக்கும் நேரம்தான் கவுடியை கவுடி ஆக்கியது.

தலைகீழாகத் தொங்கிய தேவாலயம்

அவரை உறுத்திய கேள்வி இதுதான். கோதிக் தேவாலயங்களில் வளைவுக் கூரை சுவரைப் பக்கவாட்டில் தள்ளும். அதைத் தடுக்க வெளியே பெரிய பெரிய முட்டுக்கட்டுகள் கொடுப்பார்கள். கவுடிக்கு அவை ஊனமானவர் கக்கத்தில் வைக்கும் ஊன்றுகோல்களாகத் தெரிந்தன. கட்டடம் தன் காலில் நிற்கக் கூடாதா?

ஒரு சங்கிலியின் இரண்டு முனைகளையும் பிடித்துத் தொங்கவிடுங்க. அது எடுக்கும் வளைவில் சங்கிலி முழுக்க வெறும் இழுவிசை மட்டும்தான். அதே வளைவை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்துக் கல்லில் கட்டினால் முழுக்க அமுக்கு விசை மட்டும்தான் இருக்கும். கல்லும் செங்கல்லும் அமுக்கினால் தாங்கும், இழுத்தால் விரிசல் விடும் என்பது நமக்குத் தெரியும். ஆகவே அதுதான் கல்லுக்குப் பிடித்த வளைவு. கேட்டினரி என்று கணக்குப் பாடத்தில் வருமே, அதேதான். 17-ஆம் நூற்றாண்டிலேயே ராபர்ட் ஹூக் இதைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் ஒரு முழுத் தேவாலயத்தையே இப்படித் தொங்கவிட்டுப் பார்க்கும் அளவுக்குப் போனவர் கவுடி.

1898-ல் தொழிலதிபர் எவுசேபி குவெல், பார்சிலோனாவுக்கு வெளியே தன் ஆலைத் தொழிலாளர் குடியிருப்புக்கு ஒரு தேவாலயம் கேட்டார். கவுடி அதைத் தன் சோதனைக்கூடமாக ஆக்கிக்கொண்டார். ஒரு கொட்டகையின் கூரையிலிருந்து கயிறுகளைத் தொங்கவிட்டார். ஒவ்வொரு தூணும், ஒவ்வொரு வளைவும் ஒரு கயிறு. கட்டடத்தில் எங்கே எவ்வளவு எடை வருமோ அங்கே ஈயக் குண்டுகள் நிரப்பிய சின்னத் துணிப்பை. அளவு பத்தில் ஒரு பங்கு, எடை பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஒரு பையை மாற்றினால் மொத்தக் கயிறுகளும் அசைந்து புது நிலைக்கு வரும். அதாவது கணக்கைப் புவியீர்ப்பே போட்டுவிடும். நாம் இன்று சாஃப்ட்வேரில் ஒரு லோடை மாற்றினால் மாடல் முழுக்க மாறுகிறதே, அதைக் கயிறில் செய்தார். அந்த மாடலைப் போட்டோ எடுத்து, தலைகீழாகத் திருப்பி, அதன் மேலேயே கட்டடத்தை வரைந்தார்.

மாடலுக்கே பத்து வருஷம் ஆயிற்று. 1908-ல் கட்டத் தொடங்கி 1914-ல் நின்றுபோனது. கீழ்த்தளம் மட்டும்தான் எழும்பியது. ஆனால் அங்கே கற்றுக்கொண்டது எல்லாம் சக்ராதா ஃபமிலியாவுக்கு வந்து சேர்ந்தது. உள்ளே போனால் தூண்கள் சாய்ந்து எழும்பி, மேலே மரக்கிளை மாதிரி பிரியும். விசை போகும் பாதையில்தான் தூணும் போகிறது. அதனால் வெளியே முட்டுக்கட்டே தேவையில்லை. அதிக எடை வரும் இடத்தில் போர்ஃபிரி என்ற கடினமான சிவப்புக் கல், அடுத்து பசால்ட், அடுத்து கிரானைட், குறைவான எடைக்கு மோன்ஜுயிக் மணற்கல் என்று எடைக்கு ஏற்றாற்போல் கல்லும் மாறும்.

கொத்தனாருக்குப் புரியும் வளைவு

பார்ப்பதற்கு என்னவோ கண்டபடி வளைந்த மாதிரி தெரியும் அவருடைய கூரைகள், உண்மையில் நேர்கோடுகளால் ஆனவை. ஹைப்பர்போலாய்டு, ஹைப்பர்போலிக் பாராபோலாய்டு, ஹெலிகாய்டு... கணக்கு வகுப்பில் தூங்கவைத்த அதே பெயர்கள்தான். இந்தப் பரப்புகளின் சிறப்பு என்ன தெரியுமா? ஒரு நேரான குச்சியை இடம் நகர்த்திக்கொண்டே போனால் இந்த வளைவு உருவாகிவிடும். கொத்தனாருக்குச் சமன்பாடு தெரிய வேண்டாம். இரண்டு கம்பியும் நடுவில் நூலும் இருந்தால் போதும், கட்டிவிடலாம்.

1909-ல் தேவாலய வளாகத்தில் வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்கும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் ஒரு சின்னப் பள்ளிக்கூடம் கட்டினார். மெல்லிய செங்கல் சுவர், மெல்லிய செங்கல் கூரை. இரண்டையும் அலை அலையாக வளைத்துவிட்டார். நம்ம ஊர்த் தகரக் கூரை மடிப்பு இருப்பதால்தானே வளையாமல் நிற்கிறது, அதே சூத்திரம். குறைந்த செலவு, நல்ல பலம். 1928-ல் பார்சிலோனா வந்த லெ கொர்பூசியே அந்தக் கூரையைத் தன் நோட்டில் வரைந்துகொண்டு போனார்.

முடியாது என்று தெரிந்த பிறகு

தன் வாழ்நாளில் இந்தத் தேவாலயம் முடியாது என்பது கவுடிக்கு நன்றாகவே தெரியும். அப்படியானால் இருக்கும் பணத்தை எங்கே போடுவது?

சாதாரணமாகச் செய்வது, முழு வரைபடத்துக்கும் சுவரை ஒரே மட்டமாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழுப்புவது. அவர் அப்படிச் செய்யவில்லை. கிழக்குப் பக்கத்து இயேசு பிறப்பு முகப்பை மட்டும் எடுத்து அடியிலிருந்து கோபுரம் வரை நேராக மேலே கொண்டுபோனார். எல்லாப் பக்கமும் ஆளுயரச் சுவராக நின்றிருந்தால், பணம் தட்டுப்படும் ஒரு வருஷத்தில் யாராவது இதைச் சின்னக் கோயிலாகச் சுருக்கியிருப்பார்கள். ஒரு பக்கம் முழுசாக வானத்தைத் தொட்டு நின்றுவிட்டால், அடுத்த தலைமுறைக்கு அதைப் பார்த்தபின் விட மனசு வராது. தனக்கு முன்னால் இருந்தவர் விட்டுப்போன தூண்கள் தன்னைக் கட்டிப்போட்டது அவருக்கு மறந்திருக்காது. இப்போது தனக்குப் பின்னால் வருபவர்களை அவர் கட்டிப்போட்டார்.

வீட்டில் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். 1906-ல் அப்பா, 93 வயதில். 1912-ல் வளர்த்த பெண் ரோசா. 1914-ல் கூடவே வேலை செய்த பெரங்கேர். 1918-ல் குவெல். நடுவில் 1909-ல் பார்சிலோனாவில் பெரும் கலவரம், ஏராளமான தேவாலயங்கள் எரிந்தன. இது தப்பியது. அப்புறம் முதல் உலகப் போர், காணிக்கை வற்றியது. கவுடி வேறு வேலைகளையெல்லாம் விட்டுவிட்டு இதை மட்டும் வைத்துக்கொண்டார். ஊரே அறிந்த கட்டடக் கலைஞர், வீடு வீடாகப் போய்க் கோயிலுக்கு நன்கொடை கேட்டார். கடைசியில் தேவாலயத்தின் பட்டறையிலேயே படுத்துக்கொள்ள ஆரம்பித்தார்.

1925 நவம்பர் 30 அன்று புனித பர்னபா கோபுரம் முடிந்தது. பதினெட்டில் ஒன்று. அவர் கண்ணால் பார்த்தது அந்த ஒன்றுதான்.

1926 ஜூன் 7 மாலை, வழக்கம்போல் ஜெபிக்க நடந்துபோனவரை ட்ராம் மோதியது. பழைய உடை, பையில் அடையாளத் தாள் எதுவும் இல்லை. பிச்சைக்காரர் என்று நினைத்து டாக்ஸிக்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள் என்பார்கள். ஏழைகளுக்கான மருத்துவமனையில் சேர்த்தார்கள். மறுநாள்தான் தேவாலயத்துக் குருவானவர் தேடி வந்து அடையாளம் கண்டார். ஜூன் 10 அன்று இறந்தார். வயது 73. ஊர்வலத்தில் நகரமே திரண்டது.

எரிந்த பிறகு மிஞ்சியது

1936 ஜூலையில் ஸ்பெயின் உள்நாட்டுப் போர் தொடங்கியபோது ஒரு கும்பல் நிலவறைக்கும் பட்டறைக்கும் தீ வைத்தது. வரைபடங்கள் சாம்பல். பிளாஸ்டர் மாடல்கள் சுக்குநூறு.

இங்கேதான் அந்த நேர்கோட்டு வளைவுகள் கைகொடுத்தன. கவுடியின் வளைவுகள் கைபோன போக்கில் வரைந்தவையாக இருந்திருந்தால் கதை அன்றோடு முடிந்திருக்கும். ஆனால் ஒவ்வொரு பரப்புக்கும் ஒரு கணக்கு உண்டே. உடைந்த ஒரு துண்டில் சில புள்ளிகளை அளந்தால், அது எந்த ஹைப்பர்போலாய்டின் துண்டு என்று கண்டுபிடித்து மீதியை வரைந்துவிடலாம். கூட வேலை செய்தவர்கள் துண்டுகளைப் பொறுக்கி ஒட்டினார்கள். 1979-ல் மாணவராக வந்த நியூசிலாந்துக்காரர் மார்க் பர்ரி இந்தக் கணக்கை விடுவிப்பதில் பல வருஷம் செலவழித்தார். பிற்பாடு விமானம் வடிவமைக்கும் மென்பொருளையே இதற்குக் கொண்டுவந்தார்கள்.

2005-ல் இயேசு பிறப்பு முகப்பும் நிலவறையும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. 2010-ல் போப் பெனடிக்ட் வந்து தேவாலயத்தை அர்ச்சித்தார். கவுடி 1885-ல் கட்டட அனுமதிக்குக் கொடுத்த விண்ணப்பத்துக்குப் பதிலே வரவில்லை. முறையான அனுமதி 2019-ல்தான் கிடைத்தது! 2025 அக்டோபரில் நடுக் கோபுரம் ஜெர்மனியின் உல்ம் தேவாலயத்தைத் தாண்டியது. இன்று உலகிலேயே உயரமான தேவாலயம் இதுதான்.

கடைசியாக ஒரு விஷயம். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு சீனியர்கள் பாதியில் விட்டுப்போன ஒன்றை கைடு நம்ம டீமிடம் கொடுத்தால் நம் முதல் பேச்சு என்ன? "சார், புதுசா ஆரம்பிக்கிறோமே சார்." நானும் சொல்லியிருக்கேன். அப்புறம் அதையும் பாதியில் விட்டுட்டு, அடுத்த பேட்ச்சுக்குப் புரியாத மாதிரி ஒரு ஃபோல்டரைக் கொடுத்துட்டு வந்திருக்கேன். கவுடியைப் படித்ததிலிருந்து அந்த ஃபோல்டர்தான் உறுத்துகிறது. இந்த லீவில் உட்கார்ந்து அதை ஒழுங்காக எழுதி, இப்போதைய மூன்றாம் வருஷப் பிள்ளைகளிடம் கொடுக்கப் போகிறேன்.

கவுடியை அடக்கம் செய்தது அதே நிலவறையில்தான். வில்லார் எழுப்பிய தூண்கள், தலையில் கவுடியின் இலைகளோடு, இன்றும் அவர் கல்லறையைச் சுற்றி நிற்கின்றன. மேலே வேலை நடந்துகொண்டிருக்கிறது.